உள்நாட்டுப் போரின் முதல் நாளில் யார் பலசாலி? கணக்குப் போட ஒரு வழி

உள்நாட்டுப் போர் ஒன்றைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் ஆரம்பத்திலேயே ஒரு அட்டவணை வந்து நிற்கும். இந்தப் பக்கம் மக்கள் தொகை இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு, அப்புறம் தொழிற்சாலை, ரயில் பாதை, துப்பாக்கி என்று வரிசையாக. 1861-ல் அமெரிக்காவில், அரசோடு நின்ற வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் நடுவே தொடங்கிய போருக்கு அந்த அட்டவணை ரொம்பப் பிரபலம்: வடக்கில் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர், தெற்கில் 90 லட்சம் பேர், வடக்கில் 1,10,000 தொழிற்கூடங்கள், தெற்கில் 18,000, வடக்கில் 22,000 மைல் ரயில் பாதை, தெற்கில் 9,000 மைல். எண்களில் தவறு இல்லை. ஆனால் அதே வருடம் ஜூலை 21-ம் தேதி புல் ரன் ஓடைக்கரையில் நடந்த முதல் பெரிய சண்டையில் நேருக்கு நேர் மோதியவர்கள் ஆளுக்கு ஏறக்குறைய 18,000 பேர்தான், தோற்று ஓடியது வடக்கு. சீனாவில் 1946-ன் நடுவில் போர் மறுபடி மூண்டபோது சியாங் கை-ஷேக்கின் தேசியவாதிகளிடம் சுமார் 43 லட்சம் படையினர், கம்யூனிஸ்டுகளிடம் சுமார் 12 லட்சம். 1949 முடிவதற்குள் அந்த 43 லட்சத்தின் தலைமை தைவானுக்குப் போய்விட்டது.

இதைப் பார்த்துவிட்டு எண்களே பயனற்றவை என்று தூக்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள், வீரம்தான் முக்கியம், மனவுறுதிதான் முக்கியம் என்று. அதுவும் சோம்பேறித்தனம். எண்ணத்தான் வேண்டும், எதை, எந்தத் தேதியில், யார் கையில் இருந்ததாக எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு நாடுகள் மோதும்போது இரண்டு ராணுவமும் இரண்டு கஜானாவும் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கும். உள்நாட்டுப் போரில் இருப்பது ஒரே ராணுவம், ஒரே கஜானா, ஒரே தபால் துறை. அது உடைகிற வாரத்தில் எந்தத் துண்டு யாரிடம் போனது என்பதை முதலில் பார்த்துவிட்டு, மொத்தக் கணக்குக்கு அப்புறம் வர வேண்டும்.

நான் செய்வது இதுதான். ஒரு தாளில் இரு தரப்புக்கும் தனித்தனியாக மூன்று பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசை) போடுங்கள். முதல் பத்தியில் பேரளவில் இருப்பது. இரண்டாவதில் இன்றைக்கே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. மூன்றாவதில் ஒரு வருடம் அவகாசம் கிடைத்தால் ஆகக்கூடியது. எந்தத் தகவல் கிடைத்தாலும் இந்த மூன்றில் எதில் போடுவது என்று கேட்டுக்கொண்டே போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே பொருள் ஒரு பத்தியில் பெரிதாகவும் அடுத்த பத்தியில் பூஜ்யமாகவும் இருக்கலாம், அப்படி வந்தால் பயப்படாதீர்கள், அந்த இடம்தான் ஆராய வேண்டிய இடம்.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

‘போரின் தொடக்கம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1861 பிப்ரவரியில் பிரிந்து நின்றவை ஏழு மாநிலங்கள். மொத்தம் சுமார் 50 லட்சம் பேர், அதில் சுமார் 23 லட்சம் பேர் அடிமைகள். ஏப்ரல் 12-ல் தென் கரோலினாவில் அரசுப் படையின் கையில் இருந்த சம்டர் கோட்டை மீது தெற்கின் குண்டு விழுந்தது, 15-ம் தேதி ஜனாதிபதி லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார், அந்த அழைப்பு வந்ததும் வர்ஜீனியா, ஆர்கன்சா, வட கரோலினா, டென்னசி நான்கும் தெற்கோடு போயின. அந்த நான்கில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் மக்கள். சுதந்திரமான மக்களை மட்டும் எண்ணினால் தெற்கு சில வாரங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டது. ஆக, மார்ச்சில் போட்ட கணக்கும் ஜூனில் போட்ட கணக்கும் வேறு வேறு போர்களுடையது மாதிரி இருக்கும்.

அதனால் ஒரு தேதியைப் பிடித்து அட்டவணையின் தலையில் எழுதிவிடுங்கள். எந்தத் தேதி என்று சந்தேகம் வந்தால், ஊசலாடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் சாய்ந்து முடித்த நாளை எடுங்கள். முதல் குண்டு வெடித்த நாள் நாடகத்துக்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு உதவாது.

படை எப்படிப் பிளந்தது

இதில் நிறைய நேரம் செலவழிக்கலாம், செலவழிக்கவும் வேண்டும். ராணுவம் பிளக்கும்போது ஆள், அதிகாரி, ஆயுதம் மூன்றும் ஒரே இடத்தில் பிளப்பதில்லை.

அமெரிக்க ராணுவத்தில் 1861 தொடக்கத்தில் மொத்தமே சுமார் 16,000 பேர்தான், பெரும்பாலோர் மேற்கு எல்லையில் சிறு சிறு முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். சிப்பாய்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அரசோடு நின்றார்கள். அதிகாரிகளில் சுமார் 1,100 பேரில் 300 பேர் அளவுக்கு ராஜினாமா செய்து தெற்கே போனார்கள், பின்னாளில் தெற்கின் பெரிய தளபதியான ராபர்ட் லீயும் அவர்களில் ஒருவர், அவர் ராஜினாமா கொடுத்தது ஏப்ரல் 20. அதே வர்ஜீனியாவில் பிறந்த தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் அரசோடேயே இருந்தார், ஆனால் அவருக்கு வயது 74, குதிரை ஏற முடியாத உடம்பு. பிப்ரவரியிலேயே டெக்சஸில் ஜெனரல் ட்விக்ஸ் தன் பொறுப்பில் இருந்த அரசு முகாம்கள் அத்தனையையும் சண்டை இல்லாமல் ஒப்படைத்துவிட்டார். நாட்டு ராணுவத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு அப்போது அங்கேதான் இருந்தது. இதை எப்படிப் பதிவது? வடக்குக்குப் பேரளவில் ஒரு ராணுவம், கையில் சில ஆயிரம் பேர். தெற்குக்குப் பேரளவில் ராணுவமே இல்லை, ஆனால் புதிய படையைப் பயிற்றுவிக்கத் தெரிந்த சில நூறு பேர் உடனே கையில் இருக்கிறார்கள். முதல் வருடத்தில் இரண்டாவது சொத்துக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இரு பக்கமும் படையைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டியிருந்தது.

ஸ்பெயினில் 1936 ஜூலை 17-ம் தேதி ராணுவ அதிகாரிகள் அரசுக்கு எதிராகத் தொடங்கிய கலகத்தைப் பாருங்கள், பிளவு இன்னும் விசித்திரமானது. குடியரசு அரசின் கையில் மாட்ரிட், பார்சலோனா, வலென்சியா, பில்பாவோ. தொழில் நகரங்கள் பெரும்பாலும் அவர்கள் பக்கம், மக்கள் தொகையிலும் அவர்கள் பக்கமே அதிகம், விமானப் படையிலும் பெரும்பகுதி அவர்களிடம். கலகக்காரர்களிடம் இருந்த ஒரே பெரிய சொத்து மொரோக்கோவில் இருந்த, ‘ஆப்பிரிக்கப் படை’ என்று பெயர் பெற்ற ஸ்பானிய ராணுவப் பிரிவு, 30,000 பேருக்கு மேல், உண்மையான போர் அனுபவம் உள்ளவர்கள். தாய்நாட்டில் இருந்த படையில் பெரும்பாலோர் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள், அதிலும் பலர் கோடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். கலகம் செய்த அதிகாரிகளுக்குச் சிப்பாய்கள் கீழ்ப்படிய வேண்டியதில்லை, எல்லோரையும் சேவையிலிருந்து விடுவிக்கிறோம் என்று அரசு ஆணை போட்டது. கலகப் பகுதியில் அந்த ஆணையை யாரும் மதிக்கவில்லை. அரசுப் பகுதியில் சிப்பாய்கள் மதித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். தன் ராணுவத்தைத் தானே கலைத்துவிட்டு, தொழிற்சங்கங்களுக்குத் துப்பாக்கி கொடுத்துப் போரைத் தொடங்க வேண்டிய நிலை.

அந்தத் துப்பாக்கி விஷயத்தையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மாட்ரிட்டில் அரசுக் கிடங்கில் பல்லாயிரம் துப்பாக்கிகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி வெடிக்க வைக்கும் பாகம்) இல்லை. போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாயும் மரக்கட்டையும்தான், சுட முடியாது. யாரும் திருடிவிடக் கூடாது என்று போல்ட்டுகளைத் தனியாகக் கழற்றி மொன்டானா ராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். அந்த முகாம் கலகக்காரர்களோடு போய்விட்டது. ஜூலை 20-ம் தேதி மக்கள் கூட்டமும் அரசுக்கு விசுவாசமான காவலர்களும் அந்த முகாமைத் தாக்கிப் பிடித்தபோது, உள்ளே ஒளிந்திருந்தவர்களைப் பிடித்ததைவிட அந்த போல்ட்டுகளைப் பிடித்ததுதான் பெரிய லாபம் என்பேன். உங்கள் அட்டவணையில் ‘துப்பாக்கி: இத்தனை’ என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி எங்கே, அதன் பாகம் எங்கே, தோட்டா எங்கே, பூட்டுச் சாவி யாரிடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கிடங்குகளைத் தேதி போட்டு எழுதுங்கள்

முதல் சில வாரங்களில் கைமாறும் ஆயுதக் கிடங்குகளுக்குத் தனிப் பட்டியல் போடுவது என் பழக்கம். உங்களுக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன். பல போர்களில் பலவீனமான தரப்பு உயிரோடு இருந்ததற்கே காரணம் இந்தப் பட்டியலில்தான் கிடைக்கும்.

1861 ஏப்ரலை எடுங்கள். அமெரிக்க அரசுக்குத் துப்பாக்கி செய்ய இருந்தவை இரண்டே தொழிற்சாலைகள், மாசசூசெட்சில் ஸ்பிரிங்ஃபீல்ட், வர்ஜீனியாவில் ஹார்பர்ஸ் ஃபெர்ரி. ஏப்ரல் 18 இரவு ஹார்பர்ஸ் ஃபெர்ரியைக் காத்த சிறு படை கிடங்குக்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் எரிந்தன, ஆனால் இயந்திரங்களில் பெரும்பகுதி தப்பியது. அந்த இயந்திரங்கள் ரிச்மண்டுக்கும் வட கரோலினாவின் ஃபேயட்வில்லுக்கும் போய், போர் முழுவதும் தெற்குக்குத் துப்பாக்கி செய்துகொடுத்தன. அதே வாரத்தில் நார்ஃபோக் கடற்படைத் தளத்தை அரசுப் படை அவசர அவசரமாகக் கைவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனரகப் பீரங்கிகள் தெற்குக்குக் கிடைத்தன, எரிந்து மூழ்கிய மெரிமாக் கப்பலின் அடிப்பாகத்தை மேலே எடுத்து இரும்புக் கவசம் போட்டு அடுத்த மார்ச்சில் கடலில் விட்டார்கள். இன்னொரு பக்கம், செயின்ட் லூயி கிடங்கில் இருந்த சுமார் 20,000 துப்பாக்கிகளை வடக்கு ஆட்கள் ஏப்ரல் கடைசியில் ஒரே இரவில் படகில் ஏற்றி இலினாய்க்குக் கடத்திவிட்டார்கள். அந்தத் துப்பாக்கிகள் எதிர்த்தரப்பிடம் போயிருந்தால் மிசௌரி மாநிலத்தின் கதையே வேறு.

இங்கிலாந்தில் 1642-லும் இதே கதைதான். நாடாளுமன்றத்தோடு மோதிக்கொண்டிருந்த அரசர் சார்லஸ் ஏப்ரல் 23-ம் தேதி ஹல் நகர வாசலில் போய் நின்றார், உள்ளே பெரிய ஆயுதக் கிடங்கு இருந்தது, நகர ஆளுநர் ஜான் ஹாதம் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். போர் முறைப்படி தொடங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஜூலையில் கடற்படையும் நாடாளுமன்றத்தின் பக்கம் போனது. லண்டனும் அவர்களிடம். இதையெல்லாம் கூட்டினால் அரசர் எழவே கூடாது. ஆனால் அக்டோபர் 23-ம் தேதி எட்ஜ்ஹில்லில் இரு பக்கமும் ஏறக்குறைய சமமான படைகளோடு மோதின, சண்டை யாருக்கும் தெளிவான வெற்றியில்லாமல் முடிந்தது. லண்டனின் பலம் தெரிந்தது நவம்பர் 13-ல் டர்னம் கிரீனில்: நகரத்தின் பயிற்சிப் படைகளையும் சேர்த்து சுமார் 24,000 பேர் எதிரே நின்றார்கள், அரசரிடம் அதில் பாதிதான், அவர் சண்டை போடாமலே திரும்பிவிட்டார். பெரிய நகரம் ஒன்று கையில் இருந்தால் அதன் மதிப்பு முதல் சண்டையில் தெரியாமல் போகலாம், நகர வாசலில் சண்டை வரும்போது தெரியும்.

குறுக்கே நிற்கும் தண்ணீரும் தண்டவாளமும்

பலம் ஒரு இடத்தில், தேவை இன்னொரு இடத்தில் என்றால், நடுவில் உள்ள பாதை யாருடையது என்று கேளுங்கள். ஆப்பிரிக்கப் படை மொரோக்கோவில், போர் ஸ்பெயினில், நடுவே ஜிப்ரால்டர் நீரிணை. கடற்படை அதிகாரிகளில் பலர் கலகத்தை ஆதரித்தார்கள், மாலுமிகள் அவர்களை அடக்கிப் பெரும்பாலான கப்பல்களை அரசுக்கு மீட்டுக் கொடுத்தார்கள், ஆக அந்த 30,000 பேர் ஒரு வாரத்துக்கும் மேல் கிட்டத்தட்ட முடங்கிக் கிடந்தார்கள். அந்த நேரத்தில் அட்டவணை போட்டால் அவர்களைக் ‘கையில் இருப்பது’ பத்தியில் எழுதக் கூடாது. ஜூலை 25-ம் தேதி ஹிட்லர் கலகக்காரர்களுக்கு ஜுங்கர்ஸ் 52 என்ற வகைப் போக்குவரத்து விமானங்களை அனுப்பச் சம்மதித்தார், முசோலினியும் விமானம் அனுப்பினார், படை வான்வழியாகச் செவில்லில் இறங்கத் தொடங்கியது. வெறும் இருபது போக்குவரத்து விமானங்களால் ஒரு வரி ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நகர்ந்துவிட்டது. அரசிடம் இருந்த கப்பல்களோ அனுபவமுள்ள அதிகாரிகள் இல்லாமல் திணறின. செப்டம்பர் கடைசியில் நீரிணையும் கைவிட்டுப் போனது.

ரயிலுக்கும் இதே கேள்வி. தெற்கின் 9,000 மைல் பாதையில் எல்லா இடத்திலும் தண்டவாள அகலம் ஒன்றல்ல, சில நகரங்களில் ஒரு கம்பெனியின் பாதை நிற்கிற இடத்துக்கும் அடுத்தது தொடங்குகிற இடத்துக்கும் நடுவே சரக்கை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ரஷ்யாவில் 1918-லிருந்து போல்ஷெவிக்குகளுக்கு (லெனினின் கம்யூனிஸ்டுகளுக்கு) இருந்த பெரிய பலமே மாஸ்கோவில் வந்து சேரும் ரயில் பாதைகள்தான் என்பது என் கருத்து. அவர்களை எதிர்த்த வெள்ளைப் படைகள் சைபீரியா, தெற்கு, பால்டிக் பக்கம் என்று விளிம்பில் இருந்தன. 1919 அக்டோபரில் வெள்ளைத் தளபதிகளில் தெனீகின் மாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஒரேல் வரையும் யுதேனிச் பெத்ரோகிராட் வாசல் வரையும் வந்தார்கள். சைபீரியாவிலிருந்து வந்த கல்சாக் ஏற்கெனவே கோடையில் கிழக்கே பின்வாங்கிவிட்டார். ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் நெருக்கியிருந்தால் என்னவாகியிருக்குமோ. தனித்தனியாக வந்ததால் நடுவில் இருந்தவர்கள் படைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றிச் சமாளித்தார்கள்.

தலை எண்ணுவது

மக்கள் தொகையை அப்படியே எடுக்காதீர்கள். மூன்று முறை வடிகட்டுங்கள்: யார் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகாதவர்கள் எத்தனை, தன் பகுதிக்குள்ளேயே எதிராக இருப்பவர்கள் எத்தனை, படைக்கு அனுப்பினால் வேலையை யார் பார்ப்பார்கள்.

வடக்கின் 2 கோடியே 20 லட்சத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் என்ற எல்லை மாநிலங்களில் இருந்தார்கள், நான்கிலும் அடிமை முறை உண்டு. கென்டக்கி மே மாதம் நடுநிலை என்று அறிவித்தது. மேரிலாந்து போயிருந்தால் தலைநகர் வாஷிங்டனே எதிரி நிலத்துக்கு நடுவே சிக்கியிருக்கும். ஏப்ரல் 19-ல் பால்டிமோரில் கலவரம் நடந்து, ரயில் பாலங்களை எரித்து, சில நாட்கள் வாஷிங்டனுக்கு வடக்கிலிருந்து தொடர்பே அறுந்து கிடந்தது. நியூயார்க்கிலிருந்து ஒரு படைப்பிரிவு 25-ம் தேதி வந்து சேரும் வரை, பேரளவில் 2 கோடி பேருக்குத் தலைவரான லிங்கன் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பாதுகாப்போடு இருந்தார். கென்டக்கியை இழப்பது ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் இழப்பதற்குச் சமம் என்று அவர் செப்டம்பரில் ஒரு நண்பருக்கு எழுதினார். அந்த மாதம்தான் தெற்குப் படை கென்டக்கிக்குள் முதலில் காலை வைத்து, அந்த மாநிலத்தைத் தானே வடக்கின் பக்கம் தள்ளிவிட்டது.

தெற்கின் 90 லட்சத்தில் சுமார் 35 லட்சம் பேர் அடிமைகள். இந்த எண்ணை எங்கே போடுவது என்பது கடினமான கேள்வி, யோசித்துப் போடுங்கள். முதல் வருடத்தில் வயலிலும் சுரங்கத்திலும் அரண் கட்டுவதிலும் அவர்களை வற்புறுத்தி வேலை வாங்கியதால்தான் தெற்கால் வெள்ளையின ஆண்களில் இவ்வளவு பெரிய பங்கைப் படைக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் அவர்கள் அந்தப் பக்கத்து ‘மக்கள் பலம்’ என்று எழுதினால் அது பொய். 1861 மே மாதம் வர்ஜீனியாவில் தெற்கின் பீரங்கி மேடை கட்டும் வேலையில் இருந்த மூன்று பேர் இரவில் படகேறி வடக்கின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு வந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு மறுநாள் தூது வந்தது. கோட்டைத் தளபதி பட்லர் அடிப்படையில் வக்கீல். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, அப்படியானால் தப்பியோடியவரைத் திருப்பித் தரும் எங்கள் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி மறுத்துவிட்டார். அப்புறம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போர் முடியும்போது வடக்குப் படையில் சேவை செய்த கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர், அதில் பெரும்பாலோர் அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தொடக்கத்தில் ஒரு பக்கத்தின் கணக்கில் இருந்த ஆட்கள் எதிர்ப் பக்கத்தின் மூன்றாம் பத்தியிலும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

படை எண்ணிக்கையில் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம் வரும்போது, யாரை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டியலில் பெயர் உள்ளவர், அன்று முகாமில் இருந்தவர், சண்டையில் இறங்கியவர் என்று மூன்று எண்கள் இருக்கும். 1920-ல் போல்ஷெவிக்குகளின் செம்படையில் சுமார் 50 லட்சம் பேர் என்றால், முனையில் துப்பாக்கி பிடித்தவர்கள் அதில் சிறு பகுதிதான். இரு தரப்புக்கும் ஒரே வகை எண்ணை எடுங்கள், அது போதும்.

பணமும் வெளியாரும்

பணத்தில் கேட்க வேண்டியது, இருக்கும் செல்வத்தை எத்தனை சீக்கிரம் ஆயுதமாக மாற்ற முடியும் என்பது. தெற்கின் செல்வம் நிலத்திலும் அடிமைகளிலும் பஞ்சிலும் முடங்கிக் கிடந்தது. பிரிட்டன் தன் பஞ்சில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வாங்கியது, ஆகவே பஞ்சை நிறுத்தினால் பிரிட்டன் ஓடிவந்து அங்கீகரிக்கும் என்று நம்பி 1861-ல் ஏற்றுமதியைத் தாங்களே நிறுத்தினார்கள். முந்தைய அமோக விளைச்சலால் பிரிட்டிஷ் கிடங்குகள் நிறைந்திருந்தன. வடக்கின் கடல் முற்றுகை இன்னும் ஓட்டை உடைசலாக இருந்த அந்த ஒரு வருடத்தில், விற்றுக் காசாக்கியிருக்க வேண்டிய பஞ்சு துறைமுகத்தில் கிடந்தது. பிறகு காகிதப் பணம் அச்சடித்தே போரை நடத்தினார்கள், விலைவாசி எங்கேயோ போய்விட்டது.

ஸ்பானிய அரசிடம் உலகின் பெரிய தங்கக் கையிருப்புகளில் ஒன்று இருந்தது. ஆனால் பிரிட்டனும் பிரான்சும் தலையிடாமைக் கொள்கை என்று சொல்லி ஆயுதம் விற்க மறுத்தன. ஜெர்மனியும் இத்தாலியும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்த்தரப்புக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் 510 டன் தங்கம் 1936 அக்டோபரில் சோவியத் யூனியனுக்குப் போனது. தங்கமே இல்லாத கலகத் தலைவர் ஃபிராங்கோவுக்கு அமெரிக்க எண்ணெய் நிறுவனமான டெக்சாகோ கடனுக்கு எண்ணெய் கொடுத்தது. ஆகவே பணம் என்ற வரிக்குப் பக்கத்திலேயே ‘யார் விற்பார்கள்’ என்று ஒரு வரி வேண்டும்.

பலமான தரப்புக்கும் இப்படி ஒரு ஓட்டை இருக்கும், தேடிப் பாருங்கள். வடக்கு வெடிமருந்துக்குத் தேவையான வெடியுப்பைப் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 1861 நவம்பரில் ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்துத் தெற்கின் தூதர்களைப் பிடித்த விவகாரத்தில் பிரிட்டன் கோபப்பட்டு, அதன் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. 1,10,000 தொழிற்கூடங்கள் உள்ள தரப்பு, பிடித்த தூதர்களை விடுவித்து இறங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜெயிக்க யாருக்கு என்ன வேண்டும்

இதை எழுதாமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமில்லை. தெற்கு வாஷிங்டனைப் பிடிக்கத் தேவையில்லை, வடக்கு சலிக்கும் வரை தாக்குப்பிடித்தால் போதும். வடக்கோ 7,50,000 சதுர மைல் நிலத்துக்குள் போய்ப் பிடித்து, பிடித்ததைக் காத்து, 3,500 மைல் கடற்கரையை அடைக்க வேண்டும். அதற்கு அப்போது கடற்படையில் சேவையில் இருந்தவை நாற்பத்துச் சொச்சம் கப்பல்கள், பல வெளிநாட்டுக் கடல்களில். வேலையின் அளவால் வகுத்துப் பார்த்தால் அந்தப் பெரிய விகிதம் நன்றாகவே சுருங்கிவிடும்.

சீனாவில் சியாங்கின் 43 லட்சத்துக்கு நடந்ததும் இதுதான். நகரங்களையும் ரயில் பாதைகளையும் பிடித்துக் காப்பதுதான் அவர் தனக்கு விதித்துக்கொண்ட வேலை; நல்ல பிரிவுகளை மஞ்சூரியாவுக்கு அனுப்பினார், அவை நகரங்களுக்குள் காவல் படையாகி, ஒற்றை ரயில் பாதையை நம்பி உட்கார்ந்தன. 1947 மார்ச்சில் கம்யூனிஸ்டுகளின் தலைநகரான யெனானைப் பிடித்தார், அது பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள், எதிரிப் படை முன்பே வெளியேறிவிட்டது, காக்க வேண்டிய ஊர் இன்னொன்று கூடியதுதான் மிச்சம். மாவோவின் தரப்புக்கு ஊர்களைக் காக்கும் சுமை இல்லை, கிராமங்களில் நிலச் சீர்திருத்தத்தோடு ஆள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த மாதிரிப் போர்களில் காவலுக்கு எத்தனை பேர், நகர்ந்து சண்டையிட எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது எண்ணைத்தான் எதிர்த்தரப்போடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது தேதி

கடைசி வேலை, முதல் தேதியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளி இன்னொரு அட்டவணை போடுவது. உங்கள் மூன்றாவது பத்தி எவ்வளவு பலித்தது என்று அப்போது தெரியும். அமெரிக்காவுக்கு நான் 1862 ஏப்ரலை எடுப்பேன். அந்த மாதம் தெற்கு 18 முதல் 35 வயது வரையுள்ள வெள்ளையின ஆண்களுக்குக் கட்டாயச் சேவைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம், புதிதாக வருபவர்கள் போதவில்லை. வடக்கு அந்த நிலைக்கு வர இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதே ஏப்ரலில் ஜார்ஜியாவின் அகஸ்டாவில், ஒரு வருடத்துக்கு முன் வெறும் நிலமாக இருந்த இடத்தில், தெற்கின் வெடிமருந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது, போர் முடியும் வரை அவர்களுக்கு வெடிமருந்து பெரிய பிரச்சினையாகவில்லை. அதே மாதக் கடைசியில் தெற்கின் மிகப் பெரிய நகரமும் துறைமுகமுமான நியூ ஆர்லியன்ஸ் வடக்குக் கடற்படையிடம் விழுந்தது, பக்கத்தில் கட்டி முடியாமல் இருந்த கவசக் கப்பல்களும் அதோடு போயின. ஆளில் இறக்கம், வெடிமருந்தில் ஏற்றம், துறைமுகத்தில் பேரிழப்பு: மூன்றையும் தனித்தனி வரியாகத் தேதியோடு எழுதுங்கள், கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்க வேண்டாம்.